ரெண்டு நாள் கிளாஸ் முடிச்ச கான்ஸ்டபிள் பையன் நாலு மாசத்துல எப்படி எல்லாத்தையும் மறந்தான்?

வாசகர் கேள்வி:

மேடம், நான் ஒரு சின்ன ஊர் ஸ்டேஷன்ல எஸ்.ஐ., வயசு 34. மொத்தம் 38 பேர் இருக்கோம். இந்த வருஷம் ட்ரெயினிங் பொறுப்பை என் தலையில கட்டிட்டாங்க. நாலு மாசம் முன்னாடி, மனநிலை பாதிச்சவங்களை எப்படிக் கையாளணும்னு ரெண்டு நாள் கிளாஸ் நடத்தி எல்லாருக்கும் சர்டிஃபிகேட் குடுத்தோம். போன வாரம் ஒரு வீட்டுல இருந்து போன், பையன் கத்தியோட ரூம்ல உக்காந்துட்டு வெளிய வரமாட்டேங்கிறான்னு. சர்வீஸுக்கு வந்து ரெண்டு வருஷம் ஆன ஒரு கான்ஸ்டபிளும் ஒரு சீனியர் ஏட்டும் போனாங்க. கதவைத் தள்ளி உள்ள போய், சத்தம் போட்டு, கட்டிப்புரண்டு, கடைசில அந்தப் பையனுக்குக் கை உடைஞ்சுது, நம்ம கான்ஸ்டபிளுக்கு உள்ளங்கையில 6 தையல். இவன் கிளாஸ்ல முதல் வரிசையில உக்காந்து டெஸ்ட்ல நல்ல மார்க் வாங்கினவன். மேலதிகாரி "இன்னும் நாலு கோர்ஸுக்கு அனுப்பு"ங்கிறார், சீனியர்ஸ் "அங்க சொன்னதெல்லாம் மறந்துடு, இங்க நாங்க சொல்றதைக் கேளு"ங்கிறாங்க, பட்ஜெட் கிட்டத்தட்ட பூஜ்யம். யாரை எந்தக் கோர்ஸுக்கு அனுப்புறது? இன்னொண்ணு, நான் முதுகலை படிக்கலாமா, இல்ல ட்ரெயினர் கோர்ஸ் பண்ணலாமா?

பதில்:

தம்பி, உங்க லெட்டரை மூணு தடவை படிச்சேன், மூணு தடவையும் ஒரே இடத்துல நின்னேன். கதவைத் தள்ளினது யாரு? அதை நீங்க எழுதல. "கதவைத் தள்ளி உள்ள போய்"னு மட்டும் எழுதியிருக்கீங்க. என் அனுபவத்துல, ரெண்டு வருஷ சர்வீஸ் உள்ள பையன் பக்கத்துல ஒரு ஏட்டு நிக்கும்போது அவன் முதல்ல போய் கதவைத் தள்ள மாட்டான், ஏட்டு முகத்தைத் தான் பாப்பான். ஏட்டு தள்ளியிருந்தா இவன் பின்னாடியே ஓடியிருப்பான். சரி அந்த ஏட்டு கிளாஸுக்கு வந்தாரா, இல்ல காலைல வந்து கையெழுத்துப் போட்டுட்டு டூட்டி இருக்குனு கிளம்பிட்டாரா? "எல்லாருக்கும் சர்டிஃபிகேட்"னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த "எல்லாருக்கும்"ல எனக்கு லேசா சந்தேகம். கோபப்படாதீங்க, இருபது வருஷத்துக்கு மேல ட்ரெயினிங் பக்கம் இருந்தவ நான், அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர் எப்படி நிரம்பும்னு எனக்குத் தெரியும்.

அந்தக் கான்ஸ்டபிள் பையன் விஷயத்துக்கு வருவோம். அவன் மறக்கல, அவன் அதை ஒருநாளும் கத்துக்கவே இல்ல, கேட்டான் அவ்வளவுதான். கேட்டதை எழுதிக் காட்டுனா மார்க் வரும். ஆனா கத்தியோட ஒருத்தன் எதிர்ல உக்காந்து, அம்மா பின்னாடி நின்னு அழுதுட்டு, வாக்கி டாக்கில யாரோ என்னாச்சு என்னாச்சுனு கேட்டுட்டு இருக்கும்போது நெஞ்சு அடிக்கிற வேகத்துல முதல் வரிசையில உக்காந்து எழுதின நோட்ஸ் ஞாபகம் வராது, உடம்பு ஏற்கெனவே பல தடவை செஞ்சதைத் தான் செய்யும். அந்த ரெண்டு நாள்ல அவன் எழுந்து நின்னு வாயைத் திறந்து, "தம்பி நான் உள்ள வரல, இங்கயே நிக்கிறேன், உன் பேர் என்ன"னு சத்தமா எத்தனை தடவை சொல்லிப் பாத்தான்? ஒரு தடவையாவது? அவன் கத்தினது, கட்டிப்பிடிச்சது எல்லாம் ரெக்ரூட் காலத்துலயே நூறு தடவை பழகினது, அதனால அது தான் வந்துச்சு.

மறதி பத்தி ஹெர்மன் எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர் 1885லயே ஆராய்ச்சி பண்ணி எழுதிட்டார், தனக்குத் தானே அர்த்தமில்லாத எழுத்துக் கோர்வைகளை மனப்பாடம் பண்ணிப் பண்ணி அளந்து பாத்தவர். படிச்ச ஒரு நாளுக்குள்ளயே பெரும்பகுதி போயிடும், அப்புறம் மெதுவா தேயும், இடைவெளி விட்டு திரும்பத் திரும்ப தொட்டா நிக்கும். நெஞ்சை அமுக்கி உயிர் காப்பாத்துற சி.பி.ஆர். பயிற்சியிலயும் இதே கதை தான், மூணு நாலு மாசத்துல கை தடுமாற ஆரம்பிச்சுடும்னு திரும்பத் திரும்ப ஆராய்ச்சில வந்திருக்கு. நீங்க சொன்ன அதே நாலு மாசம். ஆனாலும் உலகம் பூரா போலீஸ்ல நாம என்ன பண்றோம்? வருஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு நாள் ஒரே மூச்சா கொட்டிட்டு, ஃபோட்டோ எடுத்து, ஃபைல்ல போட்டு, அடுத்த வருஷம் வரைக்கும் மூடி வெச்சிடுறோம்.

இப்ப மேலதிகாரி சொல்ற "இன்னும் நாலு கோர்ஸ்". அவர் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு, இல்லேன்னு சொல்ல மாட்டேன், நேரம் ஒதுக்காம எதுவும் வராது. நார்வேல போலீஸ் ஆகணும்னா மூணு வருஷம் பட்டப்படிப்பு. அமெரிக்கால 2018 கணக்குப்படி அகாடமில அடிப்படைப் பயிற்சி சராசரியா 833 மணி நேரம், அதாவது சுமார் அஞ்சு மாசம். நேரம் எவ்வளவுங்கிறதை விட எதுக்குப் போகுதுங்கிறது தான் எனக்கு உறுத்தல். அங்க 2015ல ஒரு போலீஸ் ஆய்வு அமைப்பு 280க்கும் மேல துறைகளைக் கேட்டுப் பாத்துச்சு, புதுசா வர்ற ஆளுக்கு துப்பாக்கிக்கு 58 மணி நேரம், தற்காப்பு முறைகளுக்கு 49 மணி நேரம், பேசி நிலைமையைத் தணிக்கிறதுக்கு வெறும் 8 மணி நேரம். நீங்க உங்க ஸ்டேஷன் டைரியை எடுத்து ஒரு மாசம் புரட்டிப் பாருங்க, எத்தனை அழைப்புல துப்பாக்கி வெளிய வந்துச்சு, எத்தனை அழைப்புல பேச்சு மட்டுமே வேலை செஞ்சுச்சுனு. பயிற்சியோட கணக்கும் வேலையோட கணக்கும் தலைகீழா இருக்கும்.

ஆனா வெளிய அனுப்புற கோர்ஸை நான் ரெண்டாவதா தான் வைப்பேன், ஏன்னா உங்க வியாதி அங்க இல்ல. உங்க லெட்டர்லயே இருக்கு, "அங்க சொன்னதெல்லாம் மறந்துடு". இந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னாடி எந்த அகாடமியும் நிக்காது. புதுசா வந்த ஆளுக்கு அகாடமி ஆறு மாசம் சொன்னதை ஒரு ஏட்டு ஆறு நாள்ல அழிச்சிடுவார், அவர் கெட்டவர்னு இல்ல, அவருக்கும் அவரோட ஏட்டு அப்படித்தான் சொல்லிக் குடுத்தார். கலிஃபோர்னியால சான் ஹோசே நகரப் போலீஸ் இதை 1970கள் ஆரம்பத்துலயே கவனிச்சாங்க. ஒரு புது போலீஸ்காரர் வண்டி ஓட்டி ஏற்பட்ட பெரிய விபத்துக்கு அப்புறம், அகாடமி முடிச்சு வர்ற ஆளை சும்மா யார் கூடயோ அனுப்பாம, தேர்ந்தெடுத்து, தனியாப் பயிற்சி குடுத்த சீனியர்ஸ் கூட மட்டும் அனுப்பி, தினமும் எழுத்துல மதிப்பெண் போட வெச்சாங்க. அது பின்னாடி பல நாடுகளுக்குப் பரவிச்சு. அதோட சாரம் ஒண்ணே ஒண்ணு தான், யார் கூட ரவுண்ட்ஸ் போறாங்கிறதும் ட்ரெயினிங் தான், அதை டூட்டி சார்ட் போடுறவர் கையில விட்டுடாதீங்க.

இங்கிலாந்துல நடந்ததையும் சொல்றேன், இது இன்னும் நேரா உங்க கேள்விக்கு வரும். விசாரணையில மிரட்டி வாங்கின வாக்குமூலங்களால தப்பான ஆளுங்க வருஷக்கணக்கா ஜெயில்ல இருந்தது 1989லயும் 1991லயும் கோர்ட்ல அம்பலமாகி பெரிய அவமானமாச்சு. அதுக்கப்புறம் 1992ல இருந்து பீஸ் (PEACE)னு ஒரு விசாரணை முறையைக் கொண்டுவந்து ஆயிரக்கணக்கான போலீஸ்காரங்களை ஒரு வாரக் கோர்ஸ்ல உக்கார வெச்சாங்க. மிரட்டாம, திறந்த கேள்வி கேட்டு, சொல்றதை முழுசாக் கேட்டு, அப்புறம் முரண்பாட்டை எடுத்து வைக்கிற முறை. ரொம்ப நல்ல முறை, இன்னிக்கும் நான் அதைத் தான் சிபாரிசு பண்ணுவேன். ஆனா 2001ல மதிப்பீடு பண்ணிப் பாத்தப்ப கோர்ஸ்ல கத்துக்கிட்டது எதிர்பார்த்த அளவுக்கு வேலையில தெரியல, ஸ்டேஷன்ல அதைக் கவனிச்சுத் திருத்துற மேலாள் இல்லாதது ஒரு பெரிய ஓட்டைனு வந்துச்சு. ஒரு வாரக் கோர்ஸுக்கே அந்த நிலைமைனா உங்க ரெண்டு நாளுக்கு என்ன சொல்றது.

மனநிலை பாதிச்சவங்க விஷயத்துல எல்லாரும் மெம்ஃபிஸ் மாடல்னு சொல்லுவாங்க, உங்க கிளாஸ்லயும் யாராவது சொல்லியிருப்பாங்க. 1988ல அமெரிக்காவோட மெம்ஃபிஸ் நகரத்துல ஆரம்பிச்சது, மனநோய் இருந்த ஒரு இளைஞரைப் போலீஸ் சுட்டுக் கொன்னதுக்கு அப்புறம். 40 மணி நேரப் பயிற்சி. எல்லாரும் அந்த 40ஐ மட்டும் காப்பி அடிச்சாங்க. ஆனா அங்க அவங்க எல்லாரையும் உக்கார வெக்கல, விருப்பப்பட்டு வந்தவங்கள்ல இருந்து தேர்ந்தெடுத்தாங்க, போன் எடுக்கிற ஆளுங்களுக்கும் சொல்லிக் குடுத்து எந்த அழைப்புக்கு இவங்களை அனுப்பணும்னு பழக்கினாங்க, கூட்டிட்டு வந்தா திருப்பி அனுப்பாம ஏத்துக்கிற ஒரு ஆஸ்பத்திரியையும் பேசி வெச்சாங்க. இந்த மூணும் இல்லாம கிளாஸ் மட்டும் எடுத்தா அது பாதி மெம்ஃபிஸ் கூட இல்ல. உங்க ஊர்ல அன்னிக்கு போன் எடுத்தவர் அந்த வீட்டுக்காரங்ககிட்ட என்னென்ன கேட்டார்? பையனுக்கு ஏற்கெனவே சிகிச்சை நடக்குதா, மாத்திரை நிறுத்திட்டானா, யார் பேச்சைக் கேப்பான், கத்தி கையில இருக்கா பக்கத்துல கிடக்கா? இதெல்லாம் கேட்டு அந்த ரெண்டு பேருக்கும் போற வழியிலேயே சொல்லியிருந்தா அவங்க கதவு பக்கம் போகும்போதே வேற ஆளா போயிருப்பாங்க. அதனால போன் எடுக்கிற டூட்டியில இருக்கவங்களுக்கும் ட்ரெயினிங் வேணும், அவங்களைத் தான் எல்லாரும் விட்டுடுறோம்.

ட்ரெயினிங்கே வேஸ்ட்னு சொல்ல வர்றேனானு நினைக்காதீங்க. கென்டக்கி மாநிலத்துல லூயிவில் நகரப் போலீஸ்ல 2019ல, அவசரப்படாம தூரத்தையும் நேரத்தையும் வாங்கி யோசிச்சுச் செயல்படுற பயிற்சியைப் பிரிவு பிரிவா வேற வேற தேதியில குடுத்து அளந்து பாத்தாங்க. பலத்தைப் பயன்படுத்தின சம்பவங்கள் 28 சதவீதம் குறைஞ்சுது, பொதுமக்களுக்கு ஏற்பட்ட காயம் 26 சதவீதம், போலீஸ்காரங்களுக்கு ஏற்பட்ட காயம் 36 சதவீதம் குறைஞ்சுது. கடைசி நம்பரை நல்லா குறிச்சு வெச்சுக்கோங்க. "இதெல்லாம் எதிராளிக்குப் பாவம் பாக்குற ட்ரெயினிங்"னு சொல்ற சீனியர்கிட்ட எடுத்துக்காட்ட அது ஒண்ணு போதும், அதிகமா மிச்சமானது நம்ம ஆளுங்க கையும் காலும் தான்.

சரி என்ன பண்ணலாம். நான் உங்க இடத்துல இருந்தா இந்த வருஷம் 38 பேரையும் விட்டுட்டு முதல்ல ஏட்டுங்கள்ல நாலு பேரைப் பிடிப்பேன், பசங்க யார் பேச்சைக் கேக்குறாங்களோ அந்த நாலு பேரை. பதவியில பெரியவங்களைச் சொல்லல, ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் ரெண்டு மூணு பேர் இருப்பாங்க, அவர் தலையாட்டினா தான் மத்தவங்க செய்வாங்க. முடிஞ்சா "மறந்துடு"னு சொன்ன ஆளையே முதல்ல கூப்பிடுங்க. கூப்பிட்டு கிளாஸ் எடுக்காதீங்க, "அண்ணே பசங்களுக்கு நீங்க தான் சொல்லிக் குடுக்கணும், எப்படிச் சொல்லலாம்னு நாம சேர்ந்து யோசிப்போம்"னு கேளுங்க. முப்பது வருஷ சர்வீஸ் உள்ளவருக்கு நிலைமையைத் தணிக்கத் தெரியாதுனு நினைக்கிறீங்களா? எத்தனை குடிகாரச் சண்டையை ஒரு வார்த்தையில அடக்கியிருப்பார். அவர்கிட்ட இருக்கிறது கைப்பழக்கமா இருக்கு, வாயில சொல்லத் தெரியல, அவ்வளவுதான். அதை வெளிய எடுத்துட்டா உங்க ட்ரெயினிங்ல பாதி ரெடி, அதோட அது அவரோட ட்ரெயினிங்கா ஆயிடும், தன் சொந்தப் பிள்ளையை யாரும் "மறந்துடு"னு சொல்ல மாட்டாங்க.

அப்புறம் ரோல்கால். டூட்டி பிரிக்கிறப்ப எல்லாரும் எப்படியும் ஒண்ணா நிக்கிறீங்க, அதுல 15 நிமிஷம், வாரத்துல ரெண்டு நாள், இதுக்குப் பட்ஜெட் வேணாம் யார்கிட்டயும் பர்மிஷனும் வேணாம். ஒரே ஒரு சூழ்நிலை, உங்க ஸ்டேஷன் டைரியில இருந்தே எடுத்தது. மூடின கதவு, உள்ள ஒருத்தர், வெளிய குடும்பம். ஒருத்தர் உள்ள உக்காரணும், ரெண்டு பேர் வெளிய, யார் பேசுறது யார் பேசாம இருக்கிறதுனு முதல்லயே முடிவு பண்ணணும், ஏன்னா ரெண்டு பேரும் சேர்ந்து கத்தினா உள்ள இருக்கிறவனுக்கு எதுவும் காதுல விழாது. வாயால சத்தமாச் சொல்லணும், கால் எங்க நிக்குதுனு பாக்கணும், குடும்பத்தை யார் தள்ளிக் கூட்டிட்டுப் போறதுனு பாக்கணும். முதல் தடவை சிரிப்பாங்க, சிரிக்கட்டும். அதே சூழ்நிலையை மூணு நாள் கழிச்சு, அப்புறம் ரெண்டு வாரம் கழிச்சு, அப்புறம் ரெண்டு மாசம் கழிச்சு கொஞ்சம் மாத்தி மாத்தி. புதுசு புதுசா இருபது தலைப்பு எடுக்கிறதை விட இந்த மாதிரி நாலு தலைப்பை வருஷம் பூரா சுத்திட்டே இருங்க. போரடிக்குதுனு சொல்லுவாங்க, சமையல்காரங்க தினமும் வெங்காயம் நறுக்குறாங்க, யாரும் போரடிக்குதுனு ரெஃப்ரெஷர் கோர்ஸ் கேக்கிறதில்ல.

இங்க ஒரு விஷயத்துல மட்டும் கறாரா இருங்க. ரோல் ப்ளே நடக்கிற இடத்துக்குள்ள உண்மையான துப்பாக்கியோ தோட்டாவோ கத்தியோ வரவே கூடாது, வாசல்லயே ஒருத்தர் நின்னு ஒவ்வொருத்தரையும் சோதிச்சு விடணும், அவரை இன்னொருத்தர் சோதிக்கணும், நீங்க எஸ்.ஐ.ங்கிறதால உங்களையும் விடக் கூடாது. 2016ல ஃப்ளோரிடால பொதுமக்களுக்குப் போலீஸ் வேலையை விளக்குற நிகழ்ச்சியில, வெற்றுத் தோட்டா தான் இருக்குனு நினைச்சு நடிச்சுக் காட்டினப்ப உண்மைத் தோட்டா வெடிச்சு, கலந்துக்க வந்த 73 வயசு அம்மா ஒருத்தங்க இறந்துட்டாங்க. ரப்பர் கத்தி கிடைக்கலேன்னா அட்டையைச் சுருட்டிப் பிடிங்க, போதும்.

நைட் டூட்டி முடிச்சு வர்றவங்களை நிறுத்தி ட்ரெயினிங் வைக்காதீங்க. நான் புதுசா ட்ரெயினரா போனப்ப ஒரு ஆள் முன்னாடி உக்காந்து குறட்டை விட்டார், எல்லார் முன்னாடியும் எழுப்பித் திட்டினேன், அப்புறம் தான் தெரிஞ்சுது அவர் முந்தின நாள் காலைல இருந்து தூங்காம பந்தோபஸ்து முடிச்சு நேரா வந்து உக்காந்திருக்கார்னு. இன்னிக்கும் அந்த முகம் ஞாபகம் இருக்கு, மன்னிப்புக் கேக்கல நான், அந்த வயசுல கேக்கத் தெரியல. 17 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருந்தா உடம்பு தடுமாறுறது ரத்தத்துல 0.05 சதவீத ஆல்கஹால் இருக்கிற மாதிரினு 1997லயே அளந்து சொல்லிட்டாங்க. அந்த நிலைமையில இருக்கிறவருக்குக் கிளாஸ் எடுக்கிறதும் ஒண்ணு, குடிச்சிட்டு வந்தவருக்கு எடுக்கிறதும் ஒண்ணு.

அடுத்தது, நடந்த சம்பவங்களைப் பேசுறது. இதை நிறைய ஸ்டேஷன்ல செய்யிறதே இல்ல, சம்பவம் நடந்தா ஒண்ணு மெமோ இல்லேன்னா பாராட்டு, நடுவுல எதுவும் கிடையாது. ராணுவத்துல பயிற்சி முடிஞ்ச உடனே கேக்கிற நாலு கேள்வி இருக்கு, என்ன நடக்கணும்னு நினைச்சோம், என்ன நடந்துச்சு, ஏன் மாறிச்சு, அடுத்த தடவை என்ன செய்வோம். யார் தப்புங்கிற கேள்வி அதுல இல்ல பாருங்க. ஒழுங்கு நடவடிக்கை வேற ட்ராக், அதை உங்க மேலதிகாரி பாத்துக்கட்டும், இந்தப் பேச்சுல சொன்னது மெமோவுக்குப் போகாதுனு அவர்கிட்ட முன்கூட்டியே வாக்கு வாங்கிட்டு ஆரம்பிங்க. அந்த வாக்கு கிடைக்கலேன்னா நடந்த கேஸைத் தொடாதீங்க, வேற ஊர் சம்பவத்தை வெச்சு ஆரம்பிங்க. தையல் போட்ட அந்தப் பையனை எல்லார் முன்னாடியும் உதாரணமா நிறுத்திடாதீங்க தயவுசெஞ்சு. முதல்ல தனியாப் போய்ப் பாருங்க, கை எப்படி இருக்கு, தூக்கம் வருதானு கேளுங்க. அவனா "நான் சொல்றேன் சார்"னு வந்தா அன்னிக்குச் சொல்லட்டும். அந்த ஏட்டும் பக்கத்துல உக்காந்து "நான் தான் அவசரப்பட்டு கதவைத் தள்ளினேன்"னு ஒரு தடவை சொல்லிட்டார்னா, அது எந்த அகாடமியும் குடுக்க முடியாத கிளாஸ்.

அதே மாதிரி பக்கத்துல இருக்கிறவர் வரம்பு மீறும்போது ஜூனியர் எப்படித் தடுக்கிறதுங்கிறதும் ஒரு பழக்கம் தான். நியூ ஆர்லியன்ஸ் போலீஸ்ல 2016ல இதுக்குனே எபிக் (EPIC)னு ஒரு பயிற்சி கொண்டுவந்தாங்க, கூட இருக்கிறவர் தப்பு பண்றதுக்கு முன்னாடியே குறுக்க வர்றது, அதைக் காட்டிக்குடுக்கிறதா நினைக்காம அவர் வேலையைக் காப்பாத்துறதா நினைக்கப் பழக்கிறது. உங்க ஸ்டேஷனுக்கு ஒரு வார்த்தை வெச்சுக்கோங்க, ஏதாவது சாதாரண வார்த்தை, "சார் போன்"னு கூட இருக்கலாம், ஜூனியர் அதைச் சொன்னா சீனியர் ஒரு அடி பின்னாடி வரணும், கேள்வி கேக்கக் கூடாது, திட்டுறதுனா ஸ்டேஷனுக்கு வந்து திட்டிக்கலாம். இதையும் அந்த நாலு ஏட்டுங்களே ரோல்கால்ல முதல்ல நடிச்சுக் காட்டணும், ஜூனியர் சொல்லி சீனியர் பின்வாங்குறதைப் பசங்க கண்ணால பாக்கணும்.

நாலு தலைப்புல ஒண்ணா சாட்சி விசாரணையை வைங்கனு கேட்டுக்குறேன். ஃப்ளோரிடால துப்பறியும் பிரிவுக்காரங்க எடுத்த உண்மையான விசாரணை டேப்புகளை ரொனால்ட் ஃபிஷரும் எட்வர்ட் கைசல்மேனும் கேட்டு ஆராய்ஞ்சு 1987ல எழுதினாங்க. சாட்சி பேச ஆரம்பிச்சு சராசரியா ஏழரை வினாடியில போலீஸ்காரர் குறுக்க புகுந்துடுறாராம். ஏழரை வினாடி! அதைப் படிச்சப்ப நான் சிரிச்சேன், நம்ம அப்படியெல்லாம் இல்லப்பானு, அப்புறம் என்னோட பழைய ரெக்கார்டிங் ஒண்ணைப் போட்டு கடிகாரத்தை வெச்சுப் பாத்தேன், எனக்கு அஞ்சு. இதுக்கான பயிற்சி ரொம்ப எளிசு, ஒருத்தர் நேத்து நடந்ததைச் சொல்லணும், எதிர்ல இருக்கிறவர் ரெண்டு நிமிஷம் வாயைத் திறக்கக் கூடாது. செஞ்சு பாருங்க, மலையைத் தூக்குற மாதிரி இருக்கும்.

மேலதிகாரிகிட்ட என்ன காட்டுறதுங்கிறது உங்களுக்கு இப்ப பெரிய கவலையா இருக்கும், ஏன்னா அவர் சர்டிஃபிகேட் எண்ணிக்கை தான் கேப்பார், அவரையும் அவருக்கு மேல இருக்கவங்க அதைத் தான் கேக்குறாங்க. அதையும் குடுங்க, சண்டை போடாதீங்க. கூடவே ஒரு பக்கம் தனியா வெச்சுக் குடுங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவை, நம்ம ஆளுங்களுக்கு எத்தனை காயம், எதிராளிக்கு எத்தனை காயம், எத்தனை புகார், கோர்ட்லயோ அரசு வக்கீல்கிட்டயோ குறை சொல்லித் திரும்பி வந்த கேஸ் ஃபைல் எத்தனை. இன்னிக்கே போன ஒரு வருஷக் கணக்கையும் எடுத்து வெச்சிடுங்க, இல்லேன்னா நாளைக்கு ஒப்பிட எதுவும் இருக்காது. 38 பேர் உள்ள ஸ்டேஷன்ல நம்பர் சின்னதா தான் இருக்கும், ஒரு மாசம் குறைஞ்சுதுனு துள்ளவும் வேணாம், ஒரு மாசம் ஏறுச்சுனு விடவும் வேணாம். இன்னொரு வேண்டுகோளையும் அவர்கிட்ட வைங்க, பழக்கி எடுத்த அந்த நாலு ஏட்டுங்களை ஒரு வருஷம் வேற இடத்துக்கு மாத்தாதீங்கனு. ராஜஸ்தான் போலீஸ்ல சில பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து பல ஸ்டேஷன்கள்ல பெரிய சோதனை பண்ணினாங்க, அதுல வேலை செஞ்சது பயிற்சியும், இடமாற்றத்தை நிறுத்தி வெச்சதும் தான், உத்தரவு மட்டும் போட்டு விட்ட மத்த சீர்திருத்தங்கள் களத்துல ஒழுங்கா நடக்கவே இல்ல.

ட்ரெயினரா ஆகப் போறீங்கங்கிறதால ஒரு எச்சரிக்கையும் சொல்லிடுறேன். 1983ல சால்ட் லேக் சிட்டில டென்னிஸ் டியூலர்னு ஒரு போலீஸ் ட்ரெயினர், கத்தி வெச்சிருக்கிறவன் 21 அடி தூரத்தை ஒன்றரை வினாடியில ஓடி வந்துடுறான், துப்பாக்கியை எடுத்துச் சுட அதே நேரம் தான் ஆகுதுனு எழுதினார். தூரத்தைப் பத்தி யோசிங்க, மறைவு தேடுங்கனு ஜாக்கிரதைக்காகச் சொன்னது அது. வருஷம் போகப் போக கிளாஸ் கிளாஸா மாறி, "21 அடிக்குள்ள கத்தி இருந்தா சுடலாம்"னு ஒரு விதி மாதிரி ஆயிடுச்சு, அப்படி ஒரு விதி எந்தச் சட்டத்துலயும் கிடையாது. நீங்க ரோல்கால்ல போற போக்குல சொல்ற ஒரு வார்த்தை பத்து வருஷம் கழிச்சு எவனோ ஒருத்தன் வாயில என்ன உருவத்துல இருக்கும்னு நினைச்சுப் பேசுங்க.

உங்க படிப்பு விஷயம். முதுகலை நல்லது தான், பதவி உயர்வுக்கு உதவினா பண்ணுங்க, ஆனா இந்த வருஷம் வேணாம், ட்ரெயினர் கோர்ஸ் முதல்ல. அதுலயும் பிரசன்டேஷன் எப்படிப் போடுறதுனு சொல்லித் தர்ற கோர்ஸா இருந்தா விட்டுடுங்க, சூழ்நிலை எழுதுறது, நடத்துறது, செஞ்சு முடிச்சவர்கிட்ட அவர் மனசு நோகாம திருத்தம் சொல்றது இந்த மூணும் இருக்கானு சேர்றதுக்கு முன்னாடியே போன் போட்டுக் கேளுங்க. இடம் கிடைச்சா நீங்க மட்டும் போகாம அந்த "மறந்துடு" ஏட்டையும் கூட அழைச்சுட்டுப் போங்க, ரெண்டு சீட் குடுக்க மாட்டாங்கனு சொன்னா உங்க சீட்டை அவருக்குக் குடுத்துடுங்க, நீங்க அடுத்த பேட்ச்ல போய்க்கலாம்.